மறக்கக் கற்ற பொறிகள்

மறதியைக் குறையாகக் கொள்வதே உலக வழக்கு. பரீட்சை மண்டபத்தில் விடை நினைவுக்கு வராத மாணவனும், கொடுத்த வாக்கை மறந்த நண்பனும் ஒருங்கே பழிக்கப்படுகின்றனர். நினைவாற்றல் புகழப்படுவது போல மறதி எங்கும் புகழப்பட்டதில்லை. ஆயின், அளவற்ற நினைவைப் பெற இயலாத ஒன்றுக்கு, அது உயிராயினும் பொறியாயினும், எதை வைத்திருப்பது என்ற வினாவோடு எதை விட்டுவிடுவது என்ற வினாவும் சேர்ந்தே பிறக்கின்றது. இரண்டாவது வினாவே கடினமானது. அதற்கு விடை தேடிய மனித முயற்சியின் சுவையான பகுதியொன்று சிறிய கணனிகளின் வரலாற்றிலே பதிந்து கிடக்கின்றது.

கணனியின் நினைவகத்தைப் பல்கலைக்கழக நூலகத்தின் வாசிப்பு மேசையோடு ஒப்பிடலாம். நூல்கள் நிலையாக உறைவது அடுக்குகளில். அவற்றை விரித்து வைத்து வேலை செய்வது மேசையில். எந்த வாசகருக்கு எவ்வளவு மேசையிடம், எவ்வளவு நேரத்துக்கு என வகுத்துக் கொடுக்கும் நூலகரின் வேலையைக் கணனியிலே செய்வது பணிசெயல் முறைமை. பெரிய கணனிகளில் இந்த நூலகருக்கு ஒரு வசதி உண்டு. மேசை நிறைந்துவிட்டால், அப்போதைக்கு எவரும் பார்க்காத தாள்களை எடுத்துப் பின்னறையிலே, அதாவது வட்டிலே, வைத்துவிடலாம். கேட்கும்போது திரும்பக் கொண்டுவரலாம். வாசகரோ தமது மேசைக்கு எல்லையே இல்லை என்று எண்ணிக்கொண்டிருப்பார். 1962 ஆம் ஆண்டில் மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்து அற்லஸ் கணனி இந்த மாயத்தை நிகழ்த்திக் காட்டியது. மெய்நிகர் நினைவகம் என்று இன்று வழங்குவது அதுவே.

சிறு கருவிகள் பலவற்றுக்கு இந்த வசதி இல்லை. மின்மானி, இதயத் துடிப்பைச் சீர்செய்யும் கருவி, விண்கலத்தின் வழிகாட்டி ஆகியவற்றுட் பெரும்பாலானவை பின்னறை இன்றியே இயங்குகின்றன. ஒரு செய்நிரலின் இடத்தில் இன்னொரு செய்நிரல் கைவைக்காது தடுக்கும் வேலியும் பலவற்றில் இருப்பதில்லை. உள்ள மேசை எவ்வளவோ அவ்வளவே உலகம். இவ்வாறான இடத்திலே நூலகர் செய்யும் ஒவ்வொரு பங்கீடும் ஒரு வாக்குறுதி ஆகின்றது. காப்பாற்ற இயலாத வாக்குறுதி அங்கு நெடுநேரம் மறைந்திருக்க முடியாது.

இதற்குத் தலையாய சான்று 1969 ஆம் ஆண்டு ஜூலை 20 ஆம் நாளில் நிகழ்ந்தது. நீல் ஆம்ஸ்ட்ரோங்கையும் பஸ் ஓல்ட்ரினையும் சந்திரத் தரைக்கு இறக்கிச் சென்ற கலத்தின் கணனி, மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் கருவியியல் ஆய்வுகூடத்திலே வடிவமைக்கப்பட்டது. அதன் நிலையான நினைவகம் 36,864 சொற்கள் கொண்டது. அழித்து எழுதத்தக்க நினைவகம் 2,048 சொற்களே. இங்கே சொல் என்பது 15 இரும இலக்கங்களும் பிழை காண்பதற்கான ஓர் இலக்கமும் சேர்ந்த ஒரு கூறு. அழித்தெழுதும் பகுதி இன்றைய அளவையிலே 4 கிலோபைற்றுக்குச் சமம். இக்கட்டுரையின் முழுமையை அதில் வைக்க இடம் போதாது.

நிலையான நினைவகம் நெய்யப்பட்ட ஒன்று. சிறு காந்த வளையத்தின் ஊடாகக் கம்பி சென்றால் அது ஒன்று என்னும் இலக்கம். வளையத்துக்குப் புறத்தே சென்றால் அது பூச்சியம். மசாச்சுசெற்ஸ் மாநிலத்தின் வோல்தம் நகரிலிருந்த றேதியன் தொழிற்சாலையிலே பெண்கள் ஊசியும் கம்பியும் கொண்டு செய்நிரலை வளையம் வளையமாகக் கோத்தனர். நெய்து முடிந்த துணியிலே ஓர் இழையை மாற்றுவது எளிதன்று. ஆதலால், எதை எங்கே வைப்பது, எது எதனோடு இடத்தைப் பகிர்வது என்பன யாவும் புறப்பாட்டுக்குப் பல மாதங்கள் முன்னரே முடிவாகவேண்டியிருந்தன. அழித்தெழுதும் பகுதியிலும் ஒரே இடம் பயணத்தின் ஒரு கட்டத்தில் ஒரு கணியத்தையும் மற்றொரு கட்டத்தில் வேறொரு கணியத்தையும் தாங்கியது. இரண்டும் ஒருபோதும் ஒரே வேளையில் தேவைப்படா என்று தாளிலே நிறுவிய பின்னரே அவ்வாறு பகிர்ந்தனர்.

இக்கணனியின் பணிகளை ஆண்ட முறைமையை வடிவமைத்தவர் ஹல் லேனிங் என்பவர். ஒவ்வொரு பணிக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. பணி தொடங்கும்போது அதற்கு 12 சொற்கள் கொண்ட ஒரு சிறு பெட்டி வழங்கப்படும். திசையும் அளவும் கலந்த பெருங்கணிப்புகளைச் செய்யும் பணியாயின், 44 சொற்கள் கொண்ட பெரிய பெட்டியொன்றும் சேர்த்து வழங்கப்படும். சிறு பெட்டிகள் ஏழெட்டு, பெரியன ஐந்து. அவ்வளவே. பணி முடிந்ததும் பெட்டி திரும்பிவிடும். புதிய பணிக்குக் கொடுக்கப் பெட்டி இல்லையாயின் முறைமை அதனை மறைக்காது, ஓர் எண்ணைக் காட்டி அறிவித்துவிடும். சிறு பெட்டி தீர்ந்தால் 1202. பெரிய பெட்டி தீர்ந்தால் 1201.

சந்திரனை நோக்கி இறங்கிய வேளையில், தாய்க்கலத்தை மீளச் சென்றடைவதற்கென வைத்திருந்த ராடரும் மின்னூட்டம் பெற்றிருந்தது. அந்த ராடருக்கும் கணனிப் பக்கத்துக் கருவிகளுக்கும் மின் வழங்கிய இரு மூலங்களும் விநாடிக்கு 800 சுற்று என்ற ஒரே அதிர்வெண்ணில் இயங்கின. எனினும் அவற்றின் அலைகள் ஒன்றோடொன்று கட்டத்தால் ஒத்திருக்கவேண்டும் என்பது கருவிகளை இணைப்பதற்கான ஆவணத்தில் இடம்பெறாமற் போயிற்று. இதனால் பொருளற்ற எண்ணற் துடிப்புகள் வெள்ளமெனக் கணனிக்குட் புகுந்தன. ஒவ்வொரு துடிப்பும் ஒரு சிறு கணத்தைத் திருடிற்று. கணனியின் நேரத்திற் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இவ்வாறு பறிபோனது. வழிகாட்டும் கணிப்பு இரண்டு விநாடிக்கு ஒருமுறை தொடங்கவேண்டியது. முந்திய கணிப்பு முடியுமுன் அடுத்தது தொடங்கிற்று. முடிவுறாத ஒவ்வொன்றும் தன் பெட்டியை விடாது பற்றிக்கொண்டிருந்தது. ஈற்றில் பெட்டிகள் தீர்ந்தன. 1202 என்ற எண் விண்வெளி வீரர்களின் கண்முன் ஒளிர்ந்தது.

அக்கணத்திலே கணனி செய்தது யாது? கையிலிருந்த எல்லாவற்றையும் கீழே போட்டது. பெட்டிகள் அனைத்தையும் வெறுமையாக்கித் தன்னைத் தானே மீளத் தொடங்கிற்று. ஆனால், கலம் எங்கே உள்ளது, எவ்வேகத்தில் இறங்குகின்றது, இயந்திரம் எவ்வளவு உந்தவேண்டும் என்பவற்றை அது இழக்கவில்லை. இன்றியமையாத ஒவ்வொரு பணியும், தான் எதுவரை வந்தது என்பதற்கான அடையாளத்தை அவ்வப்போது பாதுகாப்பான ஓரிடத்தில் எழுதிவைக்குமாறு முன்னரே அமைக்கப்பட்டிருந்தது. அவ்வாறு எழுதிவைத்த பணிகள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. அடையாளம் இடாத பணிகள் மீள எழுப்பப்படவில்லை. அரைகுறையாய்க் கிடந்த பழைய கணிப்புகளும் அவற்றோடு போயின. கண்ணிமைக்கும் நேரத்தில் இவையாவும் நடந்து முடிந்தன, இயந்திரம் நிற்கவில்லை. இறங்கி முடியுமுன் நான்கு முறை 1202 உம், ஒருமுறை 1201 உம் தோன்றின. ஒவ்வொரு முறையும் கணனி மறக்கவேண்டியதை மறந்து, மறக்கக்கூடாததைக் காத்துக்கொண்டது.

பூமியிலிருந்த மனிதரின் பங்கும் இங்கு சிந்திக்கத்தக்கது. அப்பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன், ஹூஸ்ரன் கட்டுப்பாட்டு நிலையத்தில் நடந்த ஒத்திகையொன்றிலே இதே வகை எச்சரிக்கை வேண்டுமென்றே எழுப்பப்பட்டது. வழிகாட்டற் பொறுப்பாளரான ஸ்ரீவ் பேல்ஸ் இறக்கத்தைக் கைவிடும்படி கூறினார். பின்னர் ஆராய்ந்தபோது அம்முடிவு தேவையற்றது எனத் தெரிந்தது. அதன்மேல், பேல்ஸுக்குத் துணைநின்ற ஜக் கார்மன், எழத்தக்க எச்சரிக்கைகள் எல்லாவற்றையும், ஒவ்வொன்றுக்கும் செய்யவேண்டியதையும், தம் கையாலே எழுதிப் பட்டியலாக்கி வைத்துக்கொண்டார். மெய்யான எச்சரிக்கை எழுந்தபோது கார்மனுக்கு வயது 24, பேல்ஸுக்கு 26. அதாவது, பல்கலைக்கழகத்தை விட்டு நெடுநாள் ஆகாத இளைஞர். சில விநாடிகளுக்குள் இறங்கலாம் என்ற விடை அவர்களிடமிருந்து மேலே சென்றது. அந்த விடை அன்று பிறந்ததன்று. பட்டியலை எழுதிய அமைதியான நாளொன்றிலே அது பிறந்துவிட்டது.

சிறு கருவிகளின் நினைவக முகாமையைப் பற்றிச் சொல்லவேண்டிய மெய்ப்பொருள் இதுவே எனலாம். இடம் போதாமற் போகும் வேளையில் எதை விடுவது என்று அவ்வேளையில் தீர்மானிக்க முடியாது; சிந்திப்பதற்கும் இடம் வேண்டும், அந்த இடமே அப்போது இல்லை. ஆதலின், விடுவதற்கான முடிவு நிறைவான காலத்திலேயே எடுக்கப்படல் வேண்டும். பிற்காலத்து நுட்பங்கள் பலவும் இந்த ஓர் எண்ணத்தின் கிளைகளே.

அப்பலோ கணனியின் பெட்டிமுறையை எடுத்துக்கொள்வோமாயின், அதில் வீண்செலவு உண்டு. ஐந்து சொற்களே தேவையான பணிக்கும் 12 சொற்கள் கொண்ட பெட்டியே கிடைக்கும். ஏன் கேட்ட அளவுக்கே வெட்டிக் கொடுத்தல் ஆகாது? கொடுக்கலாம். அவ்வாறு கொடுக்கும் முறையே பெரிய கணனிகளில் பெருவழக்கு. ஆயின் அதில் ஒரு பொறி மறைந்துள்ளது. கலியாண மண்டபமொன்றிலே தனியராகவும் குடும்பமாகவும் மக்கள் வந்து அமர்கின்றனர். சிலர் எழுந்து செல்கின்றனர். சிறிது நேரத்தில் மண்டபமெங்கும் ஒன்றும் இரண்டுமாக வெற்றுக் கதிரைகள் சிதறிக் கிடக்கின்றன. எண்ணிப் பார்த்தால் 20 கதிரைகள் வெறுமை. எனினும் பின்னர் வந்த ஐவர் கொண்ட குடும்பத்துக்குச் சேர்ந்தாற்போல் ஐந்து கதிரைகள் இல்லை. நினைவகத்திலும் இவ்வாறே நிகழும். மொத்தத்தில் இடம் உண்டு, தொடர்ச்சியாக இல்லை. துண்டாதல் எனப்படும் இந்நோய் உடனே தெரிவதில்லை. கருவி சில நாட்களோ சில மாதங்களோ நன்றாக இயங்கிவிட்டு, ஒருநாள் காரணம் புலப்படாது நின்றுவிடும். ஒரே அளவான பெட்டிகளுக்கு இந்நோய் வராது. அங்கே வீணாகும் இடம், நிச்சயத்துக்குக் கொடுக்கப்படும் விலை.

இந்நோய்க்கு இன்னொரு மருந்து, அமர்ந்தோரை எழுப்பி நெருக்கி உட்கார வைத்தல். 128 கிலோபைற்று நினைவகத்தோடு 1984 இல் வெளிவந்த மக்கின்ரொஷ் கணனியும், அதே அளவிலிருந்து 1996 இல் விற்பனையைத் தொடங்கிய பைலற் என்னும் பாம் நிறுவனத்துக் கைக்கணனியும் இவ்வழியைக் கைக்கொண்டன. செய்நிரல் இடம் கேட்டால், இடம் இருக்கும் முகவரியை முறைமை நேரே கொடுப்பதில்லை. ஒரு கைப்பிடியைக் கொடுக்கும். நூலகத்திலே ஒரு நூல் எந்த அடுக்கில் உள்ளது என்பதை வாசகர் மனனம் செய்வதில்லை. அதன் பட்டியல் எண்ணையே குறித்துக்கொள்கின்றார். நூலகர் அடுக்குகளை மாற்றி ஒழுங்கு செய்தாலும் அந்த எண் செல்லுபடியாகும். அதுபோல, முறைமை தனக்கு வசதியான வேளையிலே துண்டுகளை நகர்த்திச் சேர்த்து வெற்றிடத்தை ஒன்றாக்கிக்கொள்ளும், கைப்பிடி மாறாது. வேலை செய்யும்போது மட்டும் செய்நிரல் அத்துண்டைப் பூட்டி வைத்திருக்கும், முடிந்ததும் திறந்துவிடவேண்டும். பூட்டியதைத் திறக்க மறந்தால் அத்துண்டு மண்டபத்தின் நடுவே அசையாத தூணாகிவிடும். திறந்த பின்னரும் பழைய முகவரியையே நம்பிச் சென்றால், அங்கே வேறொருவர் அமர்ந்திருப்பார். அக்காலத்துச் செய்நிரலாக்குநர் இரவுகள் பலவற்றை இழந்தது இந்த இரு தவறுகளாலேயே.

வாங்கியதைத் திருப்பிக் கொடாமை வேறொரு நோய். மேசைக் கணனி மாலையிலே அணைக்கப்படும். அதன் நினைவகம் நாளும் கழுவித் துடைக்கப்படுவது போன்றது. கைக்கருவியோ மாதக்கணக்கில் அணையாது விழித்திருக்கும். ஒரு செயலுக்கு 100 பைற்றுகளை வாங்கி மறந்துவிடும் செய்நிரல் மேசையிலே எவர்க்கும் தீங்கு செய்யாது. சட்டைப்பையிலே அது துளைவிழுந்த குடம். 1997 இல் சையன் நிறுவனத்தின் ஐந்தாம் வரிசைக் கைக்கணனியோடு வந்து, பின்னர் சிம்பியன் என்ற பெயருடன் கோடிக்கணக்கான கைத்தொலைபேசிகளில் வாழ்ந்த பணிசெயல் முறைமை இதனை நன்கு உணர்ந்திருந்தது. இடையிலே முறியத்தக்க ஒரு செயலைத் தொடங்குமுன், தான் வாங்கியவற்றையெல்லாம் ஒரு பட்டியலிலே அடுக்கி வைக்கும்படி அது செய்நிரலைப் பணித்தது. செயல் முறிந்தால் முறைமையே பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொடுத்துவிடும். அதனினும் மேலாக, சோதனைக் காலத்தில் நினைவகம் தீர்ந்தது போல நடிக்கவும் அம்முறைமை வழிசெய்தது. முதலாவது வேண்டுகோளை மறுத்துப் பார், செய்நிரல் தாங்குகின்றதா? இரண்டாவதை மறு, மூன்றாவதை மறு. இங்ஙனம் வளம் உள்ள நாளிலே பஞ்சத்தை ஒத்திகை பார்த்தனர். ஹூஸ்ரனில் நடந்த ஒத்திகையும் இதுவும் ஒரே மரபைச் சேர்ந்தவை.

ஒத்திகையில் அகப்படாத பஞ்சமும் உண்டு என்பதை 2004 ஆம் ஆண்டு உணர்த்திற்று. அவ்வாண்டு ஜனவரி 4 ஆம் நாள் ஸ்பிரிற் என்னும் ஊர்தி செவ்வாயின் குசெவ் பள்ளத்திலே இறங்கியது. அப்பலோ கணனியோடு ஒப்பிட்டால் அது பெருஞ்செல்வர். செயலாற்றுவதற்கு 128 மெகாபைற்று; மின்னின்றியும் அழியாத பிளாஷ் நினைவகம் 256 மெகாபைற்று. எனினும், இறங்கிப் பதினெட்டாவது செவ்வாய் நாளில் அதன் பேச்சுத் தடுமாறிற்று. பின்னர் பொருளுள்ள தகவல் எதுவும் வரவில்லை. ஊர்தி மீண்டும் மீண்டும் தன்னைத் தொடக்கிக்கொண்டிருந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட தடவை அது விழுந்து எழுந்தது. இரவிலே உறங்கவேண்டிய கணனி உறங்காமையால் மின்கலமும் வற்றத் தொடங்கிற்று.

காரணம் இதுவே. பிளாஷ் நினைவகத்திலுள்ள கோப்புகளின் பெயர்ப்பட்டியலைச் செயலாற்று நினைவகத்திலே படியெடுத்து வைப்பது அங்கிருந்த கோப்பு முறைமையின் வழக்கம். செவ்வாய்க்குச் செல்லும் பயணத்திலும் இறங்கிய பின்னரும் கோப்புகள் ஆயிரக்கணக்கிற் பெருகின. கோப்பை அழித்தாலும், பட்டியலில் அதற்கு ஒதுக்கிய இடம் சுருங்குவதில்லை. நினைவை அழித்த பின்னும் அதன் தடம் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது எனலாம். பட்டியல் வளர்ந்து தனக்கென விடப்பட்ட இடத்தைத் தீர்த்தது. இடம் கேட்டுப் பெறாத பணி முறிந்தது. பணி முறிந்தமையால் கணனி மீளத் தொடங்கிற்று. தொடங்கியதும் அது செய்த முதற் காரியங்களுள் ஒன்று, அதே பட்டியலை மீண்டும் படியெடுக்க முனைந்தமை. மீண்டும் இடம் போதவில்லை, மீண்டும் முறிவு.

அப்பலோவைக் காத்ததும் மீள்தொடக்கம்; ஸ்பிரிற்றைச் சுழலிலே சிக்கவைத்ததும் மீள்தொடக்கம். இரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமை நினைவகத்தின் அளவில் இல்லை. முன்னது, எழும்போது சுமையைக் குறைத்துக்கொண்டு எழுந்தது. பின்னது, வீழ்த்திய சுமையையே தேடித் தூக்கிக்கொண்டு எழுந்தது. எனினும் ஸ்பிரிற்றை அமைத்தோரும் ஒரு வாயிலைத் திறந்தே வைத்திருந்தனர். பிளாஷ் நினைவகத்தைத் தொடாமலே கணனியைத் தொடக்கும் கட்டளை ஒன்று இருந்தது. பொறியியலாளர் அக்கட்டளையை அனுப்பினர், சுழல் நின்றது. பிறகு வேண்டாத கோப்புகளை நீக்கி, பெப்ரவரி மாதத்தில் பிளாஷ் நினைவகத்தைப் புதிதாக ஒழுங்குபடுத்தினர். 90 செவ்வாய் நாட்களுக்கென அனுப்பப்பட்ட ஊர்தி, 2010 மார்ச் மாதம் வரை பூமியோடு பேசிற்று. அதனைக் காப்பாற்றியதும், முன்பொருநாள் யாரோ ஒருவர் இடர்வருமென எண்ணித் திறந்துவிட்ட வாயிலே.

அனுபவங்கள் இவ்வாறு சேர்ந்தமையால், உயிரும் பெரும்பொருளும் தங்கியுள்ள கருவிகளிற் கடுமையான விதியொன்று மதிப்புப் பெற்றது. தாரை உந்துகை ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜெராட் ஹோல்ஸ்மன் 2006 இல் வெளியிட்ட பத்து விதிகளுள் ஒன்று, செய்நிரல் தொடங்கி நிலைபெற்ற பின்னர் புதிதாக நினைவகம் கேட்டலாகாது என்பது. வேண்டிய யாவும் தொடக்கத்திலேயே ஒதுக்கப்படல் வேண்டும். அப்போது பற்றாக்குறை இருப்பின் அது ஆய்வுகூடத்து மேசையிலேயே தெரிந்துவிடும். நோயாளியின் நெஞ்சுக்குள்ளோ செவ்வாயின் மணலிலோ தெரியவராது. இது செல்வச் செழிப்பான முறை அன்று, நேர்மையான முறை.

சட்டைப்பையிலுள்ள திறன்பேசியின் நிலை வேறு. எந்தெந்தச் செய்நிரல்கள் அதில் வாழப்போகின்றன என்பதை ஆக்கியோர் முன்கூட்டி அறியார். ஆகவே அன்ட்ரொயிட் போன்ற முறைமைகள் வேறொரு வழியை மேற்கொண்டன. முதலாவது அன்ட்ரொயிட் தொலைபேசி 2008 இல் வந்தபோது அதன் செயலாற்று நினைவகம் 192 மெகாபைற்று. செய்நிரல்களை வரிசைப்படுத்தி வைப்பது முறைமையின் வேலை. இப்போது கண்முன்னே உள்ளது முதல் வரிசை. பாட்டிசைப்பது போன்று திரைக்குப் பின்னே பணி செய்வது அடுத்தது. முன்பு திறந்து கைவிட்டது கடைசி. நினைவகம் குறையும்போது கடைசி வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக முடித்துவிடுவர். எந்நேரமும் நீ முடிக்கப்படலாம், ஆதலால் உன் நிலையை எழுதி வைத்துக்கொள் என்பதே செய்நிரலுக்கு அங்கு வழங்கப்படும் அறிவுரை. அப்பலோ பணிகள் இட்ட அடையாளமும் இதுவும் அடிப்படையில் வேறல்ல.

ஆனால், இங்கே வினா நுட்பத்தோடு நின்றுவிடவில்லை. அப்பலோவில் எது விடத்தக்கது என்று வகுத்தவரும், அதனால் பயனடைந்தவரும் ஒரே குறிக்கோளால் பிணைக்கப்பட்டிருந்தனர். திறன்பேசியிலோ வகுப்பவர் ஒருவர்; அதன் விலையைக் கொடுப்பவர் வேறொருவர். நினைவகம் மலிந்துவிட்டது என்ற நம்பிக்கையிலே செய்நிரல்கள் ஆண்டுதோறும் பருத்து வருகின்றன. எழுதுவோரின் மேசையிலே புத்தம் புதிய கருவி. வாங்குவோரின் கையிலே விலை குறைந்த பழைய கருவி. மாணவி ஒருத்தி விண்ணப்பப் படிவமொன்றைப் பாதி நிரப்பிவிட்டு, குறுஞ்செய்தியில் வந்த இலக்கத்தைப் பார்க்கச் செல்கின்றாள். திரும்பி வரும்போது படிவம் வெறுமையாக நிற்கின்றது. முறைமை தன் விதிப்படியே நடந்தது. படிவத்தை எழுதியவர்தாம் நிலையைக் காத்துவைக்கும் கடமையைச் செய்யவில்லை. அவருடைய கருவியிலே அத்தவறு ஒருபோதும் தெரிந்திராது. திரையும் மின்கலமும் நல்ல நிலையில் இருக்க, நினைவகம் போதாது என்ற ஒரே காரணத்தால் குப்பைக்குச் செல்லும் தொலைபேசிகளும் இவ்வகையினவே. அங்கே பழுதானது கருவி அன்று. பிறருடைய மேசை எவ்வளவு சிறியது என்று எண்ணிப் பார்க்காத மனப்பான்மையே பழுதானது. சிக்கனம் ஒரு கணித நுட்பமாக மட்டும் கற்பிக்கப்படின் இது விளங்காது. அது பிறர்க்குச் செய்யும் மரியாதையும் ஆகும்.

இக்கலை பழங்கதையாகிவிடவில்லை என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று போதும். 1977 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 5 ஆம் நாள் புறப்பட்ட வொயேஜர் 1 என்னும் விண்கலம், 2023 நவம்பரிற் பொருளற்ற குறிகளை அனுப்பத் தொடங்கிற்று. தரவுகளைத் தொகுக்கும் அதன் கணனியிலே ஒரு நினைவகச் சில்லு பழுதடைந்துவிட்டதென மாதக்கணக்கான ஆராய்ச்சியின் பின் கண்டனர். அக்கணனியின் நினைவகத்தில் நூற்றுக்கு மூன்று பங்களவு இழக்கப்பட்டிருந்தது. இழந்த இடத்திலிருந்த செய்நிரலை முழுமையாக வேறிடம் மாற்றலாமென்றால், அது முழுவதையும் ஏற்கும் தொடர்ச்சியான வெற்றிடம் எங்கும் இல்லை. கலியாண மண்டபத்துக் குடும்பத்தின் நிலையே மீண்டும் வந்தது. செய்நிரலைத் துண்டுகளாக்கி, கிடைத்த சிறு சிறு இடைவெளிகளிலே வைத்து, ஒரு துண்டு மற்றொன்றைத் தேடிச் செல்லும் முகவரிகளையெல்லாம் திருத்தினர். கட்டளை கலத்தை அடைய 22 மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. விடை வர அவ்வளவு நேரம். 2024 ஏப்ரல் 20 ஆம் நாள், ஐந்து மாதங்களின் பின் முதன்முறையாக, 2,400 கோடி கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து பொருளுள்ள செய்தி வந்தது.

அந்த நினைவகத்தை 1970களிலே வகுத்தோர், ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்கு வைத்திருந்தனர். அக்கணக்கு இருந்தமையாலேயே அரை நூற்றாண்டின் பின் வேறொரு தலைமுறை எங்கே இடைவெளி உண்டு என்று தேடிக் காண முடிந்தது. இடம் குறைந்தவரிடம் கணக்கு இருக்கும். கணக்கு உள்ளவரிடம் இடர்வேளையிலும் ஒரு வழி இருக்கும்.

பெரிய நினைவு பெருமை தருவது உண்மையே. எனினும், தன் எல்லையை அறிந்து, கொடுத்த வாக்கைக் காக்குமளவுக்கே வாக்குக் கொடுத்து, விடவேண்டி வரும் நாளில் எதை விடுவது என்று முன்னரே எண்ணி வைத்த சிறிய நினைவு நம்பிக்கைக்குரியது. 2,048 சொற்களை வைத்துக்கொண்டு இருவரைச் சந்திரனில் இறக்கிய பொறி எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்து வெல்லவில்லை. எவற்றை மறக்கலாம் என்று அதற்கு யாரோ பொறுமையோடு கற்பித்திருந்தனர்.